ஓடிக்கொண்டிருந்த பிக்கப் திடீரென நின்றால்... எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடவே கூடாது?

அந்தியூரிலிருந்து பவானி வழியாக ஈரோடு போகும் சாலையில் விடியற்காலையில் பிக்கப் வண்டிகளுக்குக் குறைவிருக்காது. வெற்றிலைக் கட்டு, வாழைத்தார், பருத்தி மூட்டை, மாட்டுத்தீவனம், கல்யாணப் பந்தல் சாமான் என்று எல்லாமே இந்த வண்டிகளில்தான் போகின்றன. ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழா வந்துவிட்டால், சந்தைக்கு வரும் குதிரைகளும் மாடுகளும்கூட வண்டியேறித்தான் வரும்.

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது, 2 சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜினோடு இருந்த அந்தச் சின்ன வண்டிக்கு நம் மக்கள் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. மஹிந்திரா பொலேரோ பிக்கப் கிராமத்து ரோடுகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. லாரி வாங்க முடியாதவர்கள் பலர் கடனை வாங்கி இப்படி ஒரு வண்டியை எடுத்து, அவர்களே முதலாளி, அவர்களே டிரைவர் என்று ஓட்டுகிறார்கள்.

அப்படிப்பட்ட வண்டி பாதி வழியில் நின்றுவிட்டால் அன்றைய வாடகை போகும். பின்னால் இருக்கும் வெற்றிலை வாடும். வியாபாரி இன்னொரு வண்டிக்கு போன் போடுவார். மாதத் தவணை மட்டும் நிற்காது.

அந்தப் பதற்றத்தில் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் காரியம், சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்புவது. பத்து நிமிடத்தில் பேட்டரியும் படுத்துவிடும். ஒரு கோளாறு இரண்டாகிவிடும். அடுத்து, பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு பொருளைச் சொல்வார்கள். 'பேட்டரி போயிருச்சு', 'பம்ப் அவுட்டு', 'நாசில் மாத்தணும்'. எல்லாவற்றையும் மாற்றிய பிறகு, ஒரு டியூப் கிளிப் லூஸாக இருந்ததுதான் காரணம் என்று தெரியவரும்.

இதைத் தவிர்க்க டிரைவர் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டால் போதும். வண்டி எப்படி நின்றது? சாவியைத் திருப்பினால் என்ன நடக்கிறது? இன்ஜினுக்குப் போய்ச் சேராதது டீசலா, கரண்டா?

வண்டியை ஓரம் கட்டுவதுதான் முதல் வேலை

இன்ஜின் நின்ற அந்த நொடியில் காரணத்தைத் தேட வேண்டாம். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஸ்டீயரிங் கல்லாக இறுகும். பிரேக்கை மிதிக்க உதவும் வேக்யூம் பூஸ்டருக்கு, இன்ஜின் ஓடினால்தான் வேக்யூம் கிடைக்கும். இன்ஜின் நின்ற பிறகு மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் போதும். அதற்குப் பிறகும் பிரேக் பிடிக்கும், ஆனால் முழு பலத்தையும் கொடுத்து மிதிக்க வேண்டியிருக்கும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து ஓரம் கட்டுங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை உருவக்கூடாது. உருவினால் ஸ்டீயரிங் லாக் விழுந்துவிடும்.

சமதளத்தைவிட மலைப்பாதையில் இது இன்னும் முக்கியம். அந்தியூரைத் தாண்டி வரட்டுப்பள்ளம் அணைப் பக்கமாக பர்கூர் மலை ஏறும் சாலை, தாமரைக்கரை வழியாக கர்நாடகம் வரை போகிறது. கொண்டை ஊசி வளைவுகள், யானை நடமாட்டம், மழைக்காலத்தில் மண் சரிவு எல்லாம் உள்ள பாதை அது. அங்கே நின்றால் ஹேண்ட் பிரேக் போட்டு, மேடு பார்த்து நிற்கும் வண்டியை முதல் கியரிலும், இறக்கம் பார்த்து நிற்கும் வண்டியை ரிவர்ஸ் கியரிலும் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹசார்டு லைட்டைப் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுவிடாதீர்கள். இரவில் பைக்கில் வருபவருக்கு அது எமன்.

கேள்வி 1: எப்படி நின்றது?

பாதி பதில் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆனால் பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் பலருக்கும் ஞாபகம் இருக்காது. நின்றவுடனேயே மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

*சாவியை ஆஃப் செய்ததுபோல சட்டென்று நின்றதா?* முதலில் கரண்ட் பக்கத்தைச் சந்தேகப்பட வேண்டும். ஃபியூஸ், ரிலே, லூஸான ஒயர், சென்சார் போன்றவை. பழைய வகைப் பம்ப் உள்ள வண்டியில் டீசலை அடைக்கும் சொலனாய்டும் இதில் சேரும்.

*இழுத்து இழுத்து, திக்கித் திணறி நின்றதா?* டீசல் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஃபில்டர் அடைப்பு, டீசலில் தண்ணீர், லைனில் காற்று, டேங்கில் கசடு போன்றவை காரணமாக இருக்கலாம்.

*பேட்டரி விளக்கு முன்னதாகவே எரிந்ததா? ஹெட்லைட் மங்கிக்கொண்டே வந்ததா?* ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. பெல்ட் அறுந்திருக்கலாம். பேட்டரியில் இருந்த கரண்ட் தீரும்வரை வண்டி ஓடி, தீர்ந்ததும் நின்றிருக்கிறது. இங்கே பேட்டரியை மட்டும் மாற்றினால், புதுப் பேட்டரியும் கொஞ்ச தூரத்தில் தீர்ந்துவிடும்.

*ஹீட் முள் ஏறி, இழுவை குறைந்து, பாரம் பிடித்ததுபோல நின்றதா?* சாவியைத் தொடவே வேண்டாம். தண்ணீரோ ஆயிலோ இல்லாமல் இன்ஜின் சூடேறி இருக்கலாம். திரும்ப ஸ்டார்ட் செய்யப் பார்ப்பது சின்ன செலவைப் பெரிய செலவாக்கும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறட்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. கடைசியாக வண்டியில் என்ன வேலை பார்த்தீர்கள்? நேற்று ஃபில்டர் மாற்றியிருந்தால் ஃபில்டர்தான் முதல் சந்தேகம். போன வாரம் ஆடியோ சிஸ்டமோ, கூடுதல் லைட்டோ போட்டிருந்தால் அந்த ஒயரிங்தான் முதல் சந்தேகம். கடைசியாகக் கை வைத்த இடத்தைப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கேள்வி 2: சாவியைத் திருப்பினால் என்ன நடக்கிறது?

இப்போது ஒரே ஒரு முறை, ஐந்து விநாடி மட்டும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் பானெட் பக்கம் காதைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

*ஒரு சத்தமும் இல்லை.* ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுத் திரும்பச் சாவியைத் திருப்புங்கள். லைட் மங்காமல் பிரகாசமாகவே இருந்தால், பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, அது செல்ஃப் மோட்டாருக்குப் போகவில்லை. இக்னிஷன் ஸ்விட்ச், ஃபியூஸ், ஸ்டார்ட்டர் ரிலே ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். லைட்டே எரியவில்லை என்றால் பேட்டரி டெர்மினலிலிருந்து தொடங்க வேண்டும்.

*'டக டக டக' என்று அடிக்கிறது.* பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது டெர்மினல் லூஸ். டெர்மினலைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். அசைந்தால் அதுதான் காரணமாக இருக்கலாம். வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

*'டக்' என்று ஒரே ஒரு சத்தம்.* செல்ஃப் சொலனாய்டு வரை கரண்ட் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை. செல்ஃப் மோட்டாரே போயிருக்கலாம். ஆனால் அதைக் கழற்றும் முன் எர்த் ஒயரைப் பாருங்கள். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் போகும் அந்தப் பட்டை ஒயர், சேறும் துருவும் ஏறி கரண்டை விடாமல் தடுக்கும். ஜம்பர் கேபிள் கையில் இருந்தால், பேட்டரி நெகட்டிவையும் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டையும் இணைத்துவிட்டு சாவியைத் திருப்புங்கள். செல்ஃப் சுற்றினால் செல்ஃப் மோட்டார் நல்லதுதான், எர்த்தைச் சரி செய்தால் போதும்.

மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரி விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 காட்டினால் பாதி. 12-க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், பேட்டரிக்குத் தெம்பு இல்லை அல்லது சார்ஜ் இல்லை. இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது.

ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் அதைச் செய்யவே கூடாது. அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் இன்ஜின் கம்ப்யூட்டரையே காலி செய்துவிடும்.

கேள்வி 3: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது... டீசலா, கரண்டா?

ரோட்டோரத்தில் நிற்கும் பல வண்டிகளின் நிலை இதுதான். செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது.

ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. இன்று வரை டீசல் இன்ஜினுக்கு அது கிடையாது. காற்றை அழுத்தி 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அதில் டீசலைத் தூவினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆக, காற்று, அழுத்தம், சரியான நேரத்தில் டீசல் ஆகிய மூன்றும் இருந்தால் இன்ஜின் ஓடியாக வேண்டும். காமன்ரெயில் வண்டிகளில் நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: டீசலைத் தூவலாம் என்று இன்ஜின் கம்ப்யூட்டர் கொடுக்கும் உத்தரவு.

இதில் எது இல்லை என்று கண்டுபிடிக்க இலவசமான வழி ஒன்று உண்டு. ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், இன்னொருவர் சைலன்சரைப் பார்க்கட்டும்.

*புகையே வரவில்லை.* சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. டீசல் லைனிலோ, டீசலைத் திறந்துவிட வேண்டிய கரண்டிலோ கோளாறு.

*வெள்ளைப் புகை வருகிறது.* டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம், கொஞ்சம் காற்று ஏறியிருக்கலாம், செல்ஃப் மெதுவாகச் சுற்றலாம், இன்ஜினில் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம்.

செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, பாரமே இல்லாமல் 'விர்ர்' என்று சுற்றினால் உடனே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினாக இருந்தால் அது அறுந்திருக்கலாம். அதற்கு மேல் சுற்றுவதும், வண்டியைத் தள்ளிப் பார்ப்பதும் வால்வை வளைத்துவிடும்.

ஓடிக்கொண்டிருந்து நின்ற சூடான வண்டியில் ஹீட்டர் பிளக்கைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது குளிர்ந்த இன்ஜினைக் காலையில் எழுப்புவதற்கானது.

டீசல் பக்கம்: டேங்கிலிருந்து தொடங்குங்கள்

டீசல் முள்ளை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். முள் கால் டேங்க் காட்டினாலும் டேங்கை ஒரு தட்டு தட்டிச் சத்தத்தைக் கேளுங்கள். மலைப்பாதைக்காரர்களுக்கு இன்னொன்று. டேங்கில் டீசல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் டீசல் ஒரு பக்கமாக ஒதுங்கும். உறிஞ்சும் குழாயில் டீசலுக்குப் பதில் காற்று ஏறும். வண்டி சமதளத்துக்கு வந்த பிறகும் அந்தக் காற்று உள்ளேயே நின்றுகொள்ளும். பர்கூர் ஏறும் முன் பாதி டேங்காவது வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, டீசல் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் வந்து, அதன் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனால், கோளாறு மூடியின் காற்றுத் துளையிலோ டேங்கின் காற்றுக் குழாயிலோ இருக்கிறது. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். துளையைப் புழுதி அடைத்துவிட்டால் டேங்குக்குள் வேக்யூம் உருவாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. மண்ரோட்டில் ஓடும் வண்டிக்கு இது புதிதல்ல. செலவு, ஒரு துண்டுத் துணி.

பிறகு டீசல் லைன். டேங்கிலிருந்து ஃபில்டர் வரை டியூபைக் கையால் தடவிக்கொண்டே வாருங்கள். ஈரமாக இருந்தால் கசிவு. டீசல் வெளியே கசியும் இடத்தில், உறிஞ்சும்போது காற்று உள்ளே போகும். கிளிப், வாஷர், விரிசல் விட்ட ரப்பர் டியூப் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். முன்தினம் நிறுத்திய வண்டி மறுநாள் காலை நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் எழுகிறது என்றால், அது இந்தக் கோளாறின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு பல வண்டிகளில் இருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தங்கும், டீசல் மேலே மிதக்கும். கேனில் வாங்கி வைத்த டீசலை ஊற்றும் வழக்கம் இருந்தால் தண்ணீரும் தூசியும் சேர வாய்ப்பு அதிகம்.

ஹேண்ட் பிரைமர் இருக்கும் வண்டியில் அதை அழுத்திப் பாருங்கள். கெட்டிப்படாமல் தொளதொளவென்று இருந்தால் லைனில் காற்று. கெட்டியாகும்வரை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். ஓடிவிட்டு மறுபடி நின்றால், காற்று எங்கிருந்தோ தொடர்ந்து நுழைகிறது.

கரண்ட் பக்கம்: டேஷ்போர்டு விளக்கே சொல்லிவிடும்

சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டு வாருங்கள். செல்ஃப் வேண்டாம். காமன்ரெயில் வண்டியில் 'செக் இன்ஜின்' விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால், பல நேரங்களில் கம்ப்யூட்டருக்கே கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். மெயின் ரிலே, ஃபியூஸ், எர்த் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சாவிப் படம் போட்ட விளக்கு வேகமாகக் கண் சிமிட்டினால், வண்டி சாவியை அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவி இருந்தால் போட்டுப் பாருங்கள்.

ஃபியூஸ் பெட்டியின் மூடியிலேயே எது எதற்கு என்ற படம் இருக்கும். ரிலேயைச் சந்தேகப்பட்டால், அதே அளவு, அதே நம்பர் உள்ள ஹாரன் ரிலேயை எடுத்து அந்த இடத்தில் செருகிப் பார்க்கலாம். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். மறுபடி போனால், எங்கோ ஒயர் உரசுகிறது. சிகரெட் அட்டையின் ஜிகினாத் தாளையும், செம்புக் கம்பியையும் சுற்றி ஓட்டினால் வண்டி தீப்பிடிக்கும்.

மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்திலோ, தீவன மூட்டைக்குப் பக்கத்திலோ வண்டி நிற்கிறதா? எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் பம்பின் மேலுள்ள சொலனாய்டுக்குப் போகும் ஒற்றை ஒயர் கழன்றிருந்தாலே இன்ஜின் சட்டென்று நின்றுவிடும். சாவியை ஆன் செய்யும்போது அந்த இடத்தில் 'டிக்' என்று மெல்லிய சத்தம் வர வேண்டும்.

ஆறினால் ஓடுகிறதா?

சில வண்டிகள் அரை மணி நேரம் ஓடும், நிற்கும். டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். பட்டறைக்குப் போனால் கோளாறே காட்டாது.

சூட்டில் செயலிழந்து, ஆறியதும் வேலை செய்வது சென்சாரின் குணம். கிராங்க் சென்சாரை முதலில் சந்தேகப்படலாம். வண்டி நின்ற நிலையில் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். செல்ஃப் சுற்றியும் முள் கொஞ்சம்கூட அசையாவிட்டால் சந்தேகம் வலுக்கும். டேங்கின் காற்றுத் துளை அடைப்பிலும் இதே மாதிரி நடக்கும் என்பதால், மூடியைத் திறந்து பார்க்கும் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை நிமிடம் ஆறியது என்று போனில் குறித்து வையுங்கள். மெக்கானிக்குக்கு ஸ்கேனர் கொடுக்காத தகவல் அது.

இங்கே கை வைக்காதீர்கள்

கோவை ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். வண்டியைக் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கொங்கு நாட்டு வழக்கத்துக்கு அவரைத்தான் எல்லோரும் உதாரணம் சொல்வார்கள். அந்தக் கை வேலை இன்றும் வேண்டும். ஆனால் இன்றைய டீசல் வண்டியில் சில நட்டுகளைத் தொடவே கூடாது.

பழைய பம்ப் வண்டியில் நாசில் பைப் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்துக் காற்றை வெளியேற்றுவார்கள். 1995-ல் ஜப்பானில் லாரிக்கு வந்த காமன்ரெயில் தொழில்நுட்பம் இன்று நம் பிக்கப்புகளிலும் வந்துவிட்டது. அதில் டீசலின் அழுத்தம் 1,600 பார் வரைகூடப் போகும். பிக்கப்பின் டயருக்குள் இருப்பது ஏறக்குறைய 4 பார். அதைப்போல 400 மடங்கு. அந்த பைப் நட்டைத் தளர்த்தும்போது ஊசி முனை அளவு பீய்ச்சும் டீசலும் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்க முள் குத்தியதுபோல இருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடும்.

இன்னும் சில:

ஏர் ஃபில்டர் வழியாக பெட்ரோல் ஊற்றியோ, பெட்ரோல் துணி காட்டியோ ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜினுக்கும் ஆகாது, உங்கள் கைக்கும் ஆகாது.

செல்ஃபைத் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். அடுத்த முறைக்கு ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். 

சென்சார் ஒயரில் டெஸ்ட் லேம்ப் குத்திப் பார்க்காதீர்கள். டெஸ்ட் லேம்ப் பேட்டரிக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் மட்டும்தான்.

இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள். ஸ்டார்ட் ஆகாவிட்டால் பாதி பிரேக்கோடு, இறுகிய ஸ்டீயரிங்கோடு பாரத்தை வைத்துக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

ரோட்டோரத்திலிருந்து போகும் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"அண்ணா, வண்டி நின்னுருச்சுங்க."

"என்னாச்சு தம்பி?"

"தெரியலைங்கண்ணா. ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது. லோடு இருக்குதுங்க, சீக்கிரம் வாங்க."

இதை வைத்து மெக்கானிக் எந்தச் சாமானை எடுத்து வருவார்? வந்து பார்த்துவிட்டு, வேண்டிய பொருளுக்காகத் திரும்ப ஊருக்குள் போவார். அதற்குள் மதியம் ஆகிவிடும். அதே போன் இப்படி இருந்தால்?

"அண்ணா, அத்தாணி ரோட்டுல நிக்கறனுங்க. வர்றப்பவே ரெண்டு தடவை இழுத்து இழுத்து வந்துச்சு, அப்புறம் நின்னுருச்சுங்க. செல்ஃப் நல்லா சுத்துது. சைலன்சர்ல பொகையே இல்லைங்க. செக் லைட் எரியுது. மூடியத் தொறந்து பாத்துட்டேன், டீசல் அரை டேங்க் இருக்குதுங்க."

"ஃபில்டர் எப்ப மாத்துன?"

"போன வாரந்தானுங்க."

"செரி, ஃபில்டருக்கு வர்ற டியூப்ல கிளிப் லூஸா இருக்குதான்னு கைய வெச்சுப் பாரு கண்ணு. ஈரமா இருக்குதா?"

"ஆமாங்கண்ணா, பிசுபிசுன்னு இருக்குதுங்க."

"அதான் காத்து இழுத்துருக்குது. கிளிப்ப இறுக்கிட்டு பிரைமர அழுத்து. கெட்டியானதுக்கு அப்புறம் ஸ்டார்ட் பண்ணு. ஆகலைன்னா கூப்புடு, டியூப் எடுத்துக்கிட்டு வர்றேன்."

இரண்டு போனுக்கும் ஆகும் நேரம் இரண்டு நிமிடம்தான்.

லோடு என்ன ஆவது?

மேலே சொன்ன சோதனைகள் எல்லாவற்றையும் 20 நிமிடத்தில் முடித்துவிடலாம். அதற்குள் வண்டி எழவில்லை என்றால், லோடுக்கு மாற்று வண்டி சொல்லிவிடுவதுதான் புத்திசாலித்தனம். 'இன்னும் பத்து நிமிஷம்' என்று வியாபாரியிடம் இழுத்துக்கொண்டே போனால், வாடகையோடு அடுத்த தடவை கூப்பிடும் நம்பிக்கையும் போய்விடும். வெற்றிலையாக இருந்தால் கட்டு மேல் ஈரச் சாக்கு போட்டு, வெயில் படாமல் தார்ப்பாய் மூடுங்கள். ஆடு மாடு ஏற்றிய வண்டியாக இருந்தால் முதலில் நிழலும் தண்ணீரும். வண்டியை அப்புறம் பார்க்கலாம்.

பட்டறைக்குப் போனதும் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "இந்தப் பொருள்தான் போச்சுன்னு எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" நல்ல மெக்கானிக் மீட்டரிலோ, ஸ்கேனரிலோ, டம்ளரில் வடித்த டீசலிலோ காட்டிவிடுவார். காட்டாமல் 'மாத்திப் பாக்கலாம்' என்றால், பழைய பொருளைத் திரும்பக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியும் கோளாறு தீராவிட்டால், பழையது நல்ல பொருளாகவே இருக்கலாம்.

சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டியவை: 10, 12, 13 நம்பர் ஸ்பேனர்கள், ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளேயர், டெஸ்ட் லேம்ப் அல்லது சின்ன மல்டிமீட்டர், ஜம்பர் கேபிள், வண்டிக்குரிய ஃபியூஸ்கள், ஒரு ரிலே, இரண்டு டியூப் கிளிப், ஒரு முழம் டீசல் டியூப், டார்ச், எச்சரிக்கை முக்கோணம், சக்கரத்துக்கு வைக்க மரக்கட்டை.

அடுத்த வாரம்: லோடு ஏற்றிய பிக்கப்பின் பின்பக்க டயர் மட்டும் ஏன் சீக்கிரம் தேய்கிறது?